பிஞ்சு இதயத்தின் எக்கோ: ஒரு தேர்வும் ஒரு மலைப்பாதையும்

குழந்தைகளின் இதயத்தை எக்கோ கருவியால் பார்ப்பவர்களுக்குச் சான்றளிக்கும் தேர்வுகளில் உலகம் முழுக்கப் பேர்பெற்றது அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எம்.எஸ். நடத்தும் தேர்வு. மருத்துவ அல்ட்ராசவுண்ட் துறைக்கென 1975இல் தொடங்கிய பதிவகம் அது. இதயப் பிரிவில் அது தரும் சான்றுக்கு ஆர்.டி.சி.எஸ். என்று பெயர். பெரியவர்களின் இதயம், குழந்தைகளின் இதயம், கருவிலிருக்கும் சிசுவின் இதயம் என அதற்குள் மூன்று கிளைகள். குழந்தைக் கிளையில் சான்று பெற இரண்டு தாள் எழுத வேண்டும். ஒன்று, ஒலியலைகளின் இயற்பியலும் கருவியின் இயக்கமும். 110 கேள்விகள், இரண்டு மணி நேரம். மற்றது முழுக்கக் குழந்தை இதயம். ஒன்றில் தேறிய ஐந்தாண்டுக்குள் மற்றதையும் முடித்துவிட வேண்டும். மதிப்பெண் 300க்கும் 700க்கும் இடையில் வரும், 555 தேர்ச்சி. வினாத்தாளின் கடினத்துக்கேற்பச் சமன்செய்யப்பட்ட எண் அது. எத்தனை கேள்விக்குச் சரியாக எழுதினால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் படிக்கிறவர்களுக்கு இதில் பிடி கிடைப்பதில்லை.

இந்தியாவில் வேலை பார்க்க இந்தச் சான்று வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எக்கோ அறையில் சேர கார்டியாக் டெக்னாலஜியில் பட்டமோ பட்டயமோ போதும். அமெரிக்கச் சான்றைக் கேட்பவை அமெரிக்க மருத்துவமனைகளும் வளைகுடா நாட்டு மருத்துவமனைகள் பலவும்தான். வேலையின் அமைப்பும் அங்கே வேறு. அமெரிக்காவில் முழு எக்கோவையும் சோனோகிராஃபரே எடுத்து முடிப்பார். மருத்துவர் பிறகு படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவார். இங்கே பெரியவர்களுக்கு அப்படி நடந்தாலும், குழந்தை என்றால் பெரும்பாலும் குழந்தை இதய மருத்துவரே ஒலியலை அனுப்பும் புரோபைக் கையில் எடுத்துக்கொள்கிறார். ஆக, தேர்வு எந்த வேலைக்குச் சான்றளிக்கிறதோ அந்த வேலையே இங்கே பாதிதான் இருக்கிறது. இருந்தும் அதற்குப் படிப்பதை வெளிநாட்டு விசாவுக்கான வேலையாக மட்டும் பார்ப்பது சரியில்லை. பார்த்து முடிக்கும் முன்பே நோய்க்குப் பெயர் வைத்துவிடாத பழக்கம் ஒன்று அந்தப் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது. மலையூர்களுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.

உதாரணத்துக்கு நீலகிரி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் முதலில் வரும் பெரிய ஊர் அரவேணு. கேத்தரின் அருவிக்குப் பிரிகிற வழி இங்கேதான். சுற்றிலும் தேயிலை, ஹட்டி எனப்படும் படகர் ஊர்கள். இன்னும் கீழே இறங்கினால் குஞ்சப்பனைப் பக்கம் இருளர் குடியிருப்புகள். கோத்தகிரியில் அரசு மருத்துவமனை உண்டு. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆனால் பிறவி இதயக் குறைக்கு அறுவை சிகிச்சை என்றால் இப்போதும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். அரவேணுவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். பாதிப் பாதை கொண்டை ஊசி வளைவுகள். 2009 நவம்பரில் நடந்ததுபோல மண் சரிந்து மலைப்பாதைகள் அடைபட்டால் அந்த வழியும் இல்லை.

உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 அல்லது 9 பேருக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கும். இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அப்படிப் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள்; அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் வருடத்துக்குள்ளேயே சிகிச்சை வேண்டும். ஒரு சிறிய மருத்துவமனையில் வருடத்துக்கு 500 பிரசவம் என்று வைத்துக்கொண்டால், நான்கைந்து குழந்தைகள். அவற்றிலும் பாதி தானாக மூடிக்கொள்ளும் சின்ன ஓட்டையாக இருக்கும். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தை ஏறத்தாழ 3,000 முதல் 5,000 பிறப்புக்கு ஒன்று. அந்த மருத்துவமனைக்குப் பத்து வருடத்தில் ஒன்றோ இரண்டோ. வராத நோயைக் கண் எப்படிப் பழகும்? பதிவகமும் இதை அறிந்தே நிபந்தனை வைத்திருக்கிறது: தேர்வுக்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலான வழிகளில் 12 மாத முழுநேர மருத்துவமனை அனுபவம் வேண்டும். அதற்குக் கையெழுத்திட்டு ஒருவர் பொறுப்பேற்கவும் வேண்டும். அந்த வருடத்தை மலையில் கழிக்க முடியாது. கோவையிலோ வேலூரிலோ கொச்சியிலோ, ஒரு நாளில் இருபது முப்பது குழந்தைகள் வரும் எக்கோ அறையில்தான் கழித்தாக வேண்டும்.

பலர் பயப்படுவது முதல் தாளுக்கு. பயத்துக்கு நியாயம் குறைவு. உடலின் மென்திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,540 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோ விநாடி. பாதிக் கணக்குகள் இந்த இரண்டு எண்ணிலிருந்தே விரியும். பெரியவரின் மார்புக்கு 2.5 மெகாஹெர்ட்ஸ் புரோப் வைத்தால் அலைநீளம் 0.6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பச்சிளங்குழந்தைக்கு 10 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் 0.15 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கொரோனரி தமனியைத் தேடும்போது இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உயர்ந்த அதிர்வெண் ஆழத்துக்குப் போகாது. ஆனால் குழந்தையின் நெஞ்சில் ஆழமே கிடையாதே. இந்தத் தாளுக்கு எடெல்மேனின் இயற்பியல் நூலை ஒழுங்காக ஒருமுறை முடித்தவர்கள் தடுமாறுவதில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு எக்கோ கருவியின் பொத்தானைத் தொடாதவர்கள்தான் தடுமாறுவார்கள். தேர்விலும் திரையில் கருவியின் குமிழ்களைக் காட்டி, மங்கிய படத்தைச் சரிசெய்யச் சொல்லும் வகைக் கேள்விகள் உண்டு.

இரண்டாம் தாளில்தான் விஷயம் இருக்கிறது. பெரியவர்களின் எக்கோவில் ஒரு சௌகரியம் உண்டு: அறைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இடது கீழறை இடப்பக்கம், அதிலிருந்து பெருந்தமனி. இதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. குழந்தை இதயத்தில் இந்த நம்பிக்கையை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். பாஸ்டனில் ரிச்சர்ட் வான் பிராக் 1960களிலிருந்து வகுத்துக்கொடுத்த முறையும், லண்டனில் ராபர்ட் ஆண்டர்சன் வளர்த்தெடுத்த முறையும் சொல்வது இதைத்தான்: இதயத்தை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் அடையாளத்தால் கண்டுபிடி, பிறகு ஒன்று மற்றதோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பார். மேலறைகள், கீழறைகள், பெரிய தமனிகள். வான் பிராக் முறையில் இதற்கு மூன்றெழுத்துக் குறியீடு. இயல்பான இதயம் எஸ், டி, எஸ்.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புரோபைக் குழந்தையின் தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பு முடியும் இடத்தில் குறுக்காக வைக்கிறார் டெக்னீஷியன். இதயம் இன்னும் தெரியவில்லை. முதுகெலும்பும் அதன் முன்னே இரண்டு வட்டங்களும் தெரிகின்றன. முதுகெலும்புக்கு இடப்பக்கம் துடிக்கும் வட்டம் பெருந்தமனி. வலப்பக்கம், சற்று முன்னே தள்ளி, மூச்சோடு சுருங்கி விரிவது கீழ்ப்பெருஞ்சிரை. கல்லீரல் வலப்பக்கம். இப்படி இருந்தால் மேலறைகள் சரியான பக்கத்தில் இருக்கின்றன என்று ஏறக்குறைய நம்பலாம். இரண்டு வட்டமும் ஒரே பக்கம் வந்தாலோ, சிரையே காணாமல் பெருந்தமனிக்குப் பின்னால் வேறொரு குழாய் ஓடினாலோ, உள்ளே பெரிய குழப்பம் காத்திருக்கிறது. இதயத்தைப் பார்க்காமலே இதயத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது. தேர்வில் இந்த ஒரு படத்தைக் கொடுத்து, ‘அடுத்து எதைத் தேடுவீர்கள்?’ என்று கேட்பார்கள். நோயின் பெயரைக் கேட்பதைவிட இது நல்ல கேள்வி.

அடுத்தது கீழறைகள். வலது கீழறை எது என்பதை அது நிற்கும் பக்கம் சொல்லாது. மூவிதழ் வால்வு ஈரிதழ் வால்வைவிட இதய நுனிக்குச் சற்று நெருக்கமாகப் பொருந்தியிருக்கும். எந்த அறையில் அந்த வால்வோ அது வலது. குறுக்கே ஓடும் தசைப்பட்டையும் சொரசொரப்பான உட்சுவரும் கூடுதல் சாட்சிகள். கீழறைகளும் தமனிகளும் ஒருசேர இடம் மாறி, இரட்டைத் தவறால் இரத்த ஓட்டம் சரியாகிவிட்ட இதயம் ஒன்றுண்டு. குழந்தை நீலம் பாரிக்காது, மூச்சும் வாங்காது. நாலறைப் படத்தை ஓட்டமாகப் பார்ப்பவருக்கு அது இயல்பான இதயம். வால்வுகளின் அந்தச் சில மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தலைகீழ். கடைசியாகத் தமனிகள்: சீக்கிரமே இரண்டாகப் பிரிவது நுரையீரல் தமனி, கொரோனரிகளைக் கொடுத்துவிட்டு வளைவாகப் போவது பெருந்தமனி. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடக்காமல் இணையாகப் போனால் இடமாற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

பெரியவர் எக்கோவில் பழகிய கைக்கு இன்னொரு இடறல். அங்கே நாலறைப் படத்தில் இதய நுனி திரையின் மேலே இருக்கும். அமெரிக்க எக்கோ சங்கத்தின் 2006ஆம் வருடக் குழந்தைகளுக்கான வழிகாட்டுதல், நெஞ்சுக்குள் இருக்கிறபடியே நுனி கீழே வரும்படி படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்கிறது. ஒரு பொத்தான்தான் வித்தியாசம். ஆனால் பல வருடம் ஒரு பக்கமாகப் பார்த்துப் பழகிய கண் நேராகச் சில வாரம் எடுத்துக்கொள்கிறது.

அளவைகளில் மூன்று கணக்கு முக்கியம். முதலாவது, வேகத்திலிருந்து அழுத்தம். ஓட்டை வழியாகப் பாயும் இரத்தத்தின் வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 4ஆல் பெருக்கினால் இரு அறைகளுக்கிடையிலான அழுத்த வேறுபாடு. கீழறைச் சுவரின் ஓட்டையில் வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால் வேறுபாடு 64. குழந்தையின் இரத்த அழுத்தம் 90 என்றால் வலது கீழறையில் 26, கவலையில்லை. அதே குழந்தையில் வேகம் அளக்கும் டாப்ளர் கதிர் பாய்ச்சலோடு 30 பாகை சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கருவி 3.5க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும், வேறுபாடு 48, வலது கீழறையில் 42. நுரையீரல் அழுத்தம் கூடிவிட்டதாக ஒரு அறிக்கை பிறக்கும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு குடும்பம் கடன் வாங்கி மலையிறங்கும். கையை நகர்த்தி அதிகபட்ச வேகம் கிடைக்கும்வரை தேடு என்று பாடநூல் அலுப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, நுரையீரலுக்குப் போகும் இரத்தத்துக்கும் உடலுக்குப் போகும் இரத்தத்துக்கும் உள்ள விகிதம். தமனியின் விட்டம் இதில் இருமடிப் பெருக்கமாக நுழைகிறது. 10 மில்லிமீட்டரை 11 என்று அளந்தால் பரப்பு 21 விழுக்காடு ஏறிவிடும். மூன்றாவது இசட் ஸ்கோர். குழந்தைக்கு இயல்பான அளவு என்று ஒற்றை எண் கிடையாது. உடல் பரப்புக்கு ஏற்ற சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கேள்வி. மைனஸ் 2க்கும் பிளஸ் 2க்கும் இடையில் இயல்பு. உடல் பரப்பு எடையிலிருந்து வருகிறது. நீலகிரியில் குழந்தை கம்பளிக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர், மேலே சால்வை சகிதமாக வந்து சேரும். குளிர் என்று அப்படியே எடை போடுவது வழக்கம். மூன்று கிலோ குழந்தை 3.4 ஆகிவிடும். உடல் பெரிது என்று கணினி நினைத்துக்கொள்ள, சரியான அளவுள்ள வால்வு சிறுத்துத் தெரியும். எந்தப் பாடநூலிலும் ஸ்வெட்டர் வராது.

பாடத்திட்டம் இன்னொரு நாட்டின் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது நோய்களின் பட்டியலில் தெரியும். டவுன் நோய்க்குறி என்றால் இரு அறைகளுக்கும் பொதுவான ஓட்டை, டர்னர் என்றால் பெருந்தமனிச் சுருக்கம், வில்லியம்ஸ் என்றால் வால்வுக்கு மேலே குறுக்கம் என்று நீளும் ஜோடிகள் எங்கும் ஒன்றுதான். மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாம். கிளென், ஃபான்டன், நார்வுட் என அறுவைக்குப் பிந்தைய இதயங்கள் அங்கே நிறைய வரும். சின்ன வயதிலேயே கண்டுபிடித்து அறுவை செய்துவிடுவதால். இங்கே பன்னிரண்டு வயதில் முதல்முறையாக நீல உதடுகளோடு வந்து நிற்கும், டெட்ராலஜி என்ற பிறவி இதயக் குறையுள்ள குழந்தை உண்டு. மூட்டுவலியும் காய்ச்சலும் வந்துபோய், வால்வு தடித்துப்போன ருமாட்டிக் இதய நோய் உண்டு. தேர்வில் அதற்கு ஓரமான இடம். இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், எக்கோ பிறந்ததே அந்த நோய்க்காகத்தான். சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்பவர் ஈரிதழ் வால்வுச் சுருக்கத்தை அறுவைக்கு முன் அளந்தறிய வழி தேடிக்கொண்டிருந்தார். இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸோடு சேர்ந்து, உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி, 1953 அக்டோபரில் இதயத்தின் எதிரொலியைப் பதிவுசெய்தார். சுவீடனில் அந்த நோய் அநேகமாக மறைந்துவிட்டது. நம்மிடம் நோயும் இருக்கிறது, கருவியும் வந்துவிட்டது.

நீலகிரிக்கே உரிய பாடம் ஒன்றும் இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் இரத்தசோகையின் கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். லேமனும் கட்புஷும் 1952இல் அதை வெளியிட்டார்கள். கூடலூரில் ஆதிவாசிகளுக்கென இயங்கும் அஷ்வினி மருத்துவமனை இந்நோயாளிகளை நெடுங்காலமாகக் கவனித்துவருகிறது. இரத்தசோகையுள்ள குழந்தையின் இதயம் அதிகமாக உழைக்கும். இடது கீழறை சற்று விரிந்திருக்கும். வால்வுகளில் வேகம் கூடியிருக்கும். ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்பும் கேட்கும். ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பவர் ஓட்டை இல்லையென்று எழுதி அனுப்பிவிடலாம். மூவிதழ் வால்வின் கசிவு வேகத்தை அளந்து, அது விநாடிக்கு 2.5 மீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்த்துவைப்பவர் அந்தக் குழந்தைக்கு வேறொரு உபகாரம் செய்கிறார். நுரையீரல் அழுத்தம் பிற்காலத்தில் ஏறுகிறதா என்பதை ஒப்பிட அந்த எண்தான் ஆதாரம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு கேள்வி வரக்கூடும். ஆண்டீஸ் மலையிலும் திபெத்திலும் 3,000 மீட்டருக்கு மேலே பிறக்கும் குழந்தைகளிடம், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய டக்டஸ் குழாய் திறந்தே இருப்பது அதிகம். கோத்தகிரியின் உயரம் 1,800 மீட்டர் அளவில். இங்கே அதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பிறந்த குழந்தையின் கையிலும் காலிலும் ஆக்சிமீட்டர் மாட்டி, 95 விழுக்காட்டை இயல்பின் எல்லையாக வைக்கும் பரிசோதனை பெரும்பாலும் தாழ்ந்த ஊர்களில் வகுக்கப்பட்டது. மலையில் 94 வந்தால் அது நோயா உயரமா என்று யோசிக்க வேண்டும். யோசித்துவிட்டு எக்கோ பார்த்துவிடுவது மேல். மலையில் எடுத்த எண்ணையும் கோவையில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழந்தை தேறிவிட்டது என்று சொல்லவும் கூடாது.

தேர்வு கேட்காத பகுதி, கட்டிலில் இருக்கும் குழந்தை. பாடத்திட்டப்படி வயிற்றுப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே அழுத்தினால் பால் குடித்த குழந்தை வீரிட்டு அழும். அழுதால் வேகங்கள் எல்லாம் மாறும். அனுபவப்பட்டவர்கள் தூங்கும் குழந்தையின் நெஞ்சில் மெல்லத் தொடங்கி, வேகங்களை முதலில் எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிறகு பார்த்து, கழுத்தடியைக் கடைசிக்கு வைப்பார்கள். கழுத்தில் புரோப் பட்டதும் எந்தக் குழந்தையும் விழித்துக்கொள்ளும். கையின் வரிசை மாறினாலும் மனத்தில் உள்ள பட்டியலில் ஒன்றும் விடுபடக் கூடாது. விடுபடுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் படம்தான். பெருந்தமனிச் சுருக்கம் அங்கேதான் ஒளிந்திருக்கும். மலைக்குளிரில் ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்து எடுப்பது, தாயின் மடியிலேயே வைத்துப் பார்ப்பது, முடியாதபோது மருத்துவர் சொன்ன அளவில் ட்ரைக்ளோஃபாஸ் கொடுத்துத் தூங்கவைத்து, எழும்வரை ஆக்சிமீட்டரைக் கழற்றாமலிருப்பது எல்லாம் எக்கோ அறையில்தான் பிடிபடும்.

இரண்டாம் தாளுக்கு லாய், மெர்ட்டன்ஸ், கோஹன், கேவா தொகுத்த நூலும், ஐடெம், செட்டா, ஓலியரி நூலும் வழக்கத்தில் உள்ளவை. இரண்டும் தடியானவை, விலையும் அதிகம். முழுக்கப் படிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். இந்தியக் குழந்தை இதயச் சங்கம் 2008 முதல் நடத்தும் ‘அன்னல்ஸ் ஆஃப் பீடியாட்ரிக் கார்டியாலஜி’ இதழ் இணையத்தில் இலவசம். தாமதமாக வந்து சேரும் நம் ஊர்க் குழந்தைகளை அதில் பார்க்கலாம். படிப்பதைவிடப் பயன்தருவது, அன்றன்று பார்த்த குழந்தையின் இதயத்தை மாலையில் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு அறையிலும் அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் எழுதிப்பார்ப்பது. வரைய முடியாத இதயம் இன்னும் புரியாத இதயம்.

தேர்வு பியர்சன் வியூ மையங்களில் கணினியில் நடக்கிறது. மலையில் மையம் கிடையாது, பெருநகரத்துக்குப் போக வேண்டும். அசையும் படத்தைக் காட்டிக் கேட்பதும், படத்தின் மேல் சரியான இடத்தில் சுட்டியை வைக்கச் சொல்வதும் உண்டு. தேறியவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிச் சான்றை உயிரோடு வைத்திருக்க வேண்டும். குழந்தைக் கிளையை முடித்தவர்களில் சிலர் அடுத்து கருவிதயக் கிளைக்கும் விண்ணப்பிக்கிறார்கள். அந்தச் சான்று வெளிநாட்டில் செல்லும். இந்தியாவில், கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க வந்த 1994ஆம் வருடச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கும்வரை, கர்ப்பிணியின் வயிற்றில் புரோப் வைக்கத் தகுதிபெற்ற, பதிவுசெய்த மருத்துவருக்கு மட்டுமே அனுமதி, டெக்னீஷியனுக்கு இல்லை.